கோணல் குழாயும் லோரி டியூப்பும்

எங்கள் தாமானில், அதாவது இந்தக் குடியிருப்பில், தண்ணீர் நின்றுபோவது புதிய செய்தி இல்லை. புக்கிட் செந்தோசாவுக்குக் குடிவந்த நாளிலிருந்து குளியலறையில் இரண்டு பெரிய தண்ணீர்த் தோம்புகள் எப்போதும் நிரம்பியே இருக்கும். விருந்தாளிகள் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தண்ணீர் இல்லாத வீட்டுக்கு விருந்துக்கு வந்தால் தெரியும்.

போன வாரம் எங்கள் வரிசையின் முனையில் ரோட்டைத் தோண்டினார்கள். வழக்கம்போல ஆண்கள் எல்லாரும் கைகளைக் கட்டிக்கொண்டு பள்ளத்தைச் சுற்றி நின்றார்கள். நான் வெளியே போகவில்லை. நான்கு பேர் நிற்கும் இடத்துக்குப் போக இந்த வயதிலும் எனக்குக் கூச்சம்தான். ஜன்னல் துணியை விலக்கிக்கொண்டு பார்த்தேன். அப்போதுதான் அந்த வாடை உள்ளே வந்தது. பிளாஸ்டிக் குழாய் ஒட்டும் பசையின் வாடை. நகப்பூச்சு மாதிரி இருக்கும், ஆனால் மூக்கின் அடி வரைக்கும் போய்க் கொஞ்சம் எரிக்கும். சிலருக்கு அது பிடிக்குமாம். எனக்கு அது பட்டால் நாக்கு உலர்ந்துபோகும். தாகம் எடுக்கும். நிரம்பிய தோம்பு பக்கத்தில் இருந்தாலும் எடுக்கும்.

பள்ளத்துக்குள் இறங்கிய பங்களாதேஷ் பையன் ஒரு ரப்பர் வளையத்தை எடுத்தான். நல்ல தடிப்பான கருப்பு ரப்பர், இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை. உடைந்த இரண்டு குழாய் முனைகளும் கொஞ்சம் மேலும் கீழுமாகத்தான் இருந்தன. அவன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ரப்பரை நுழைத்தான், பட்டையை முறுக்கினான், ஏறி வந்தான். முடிந்தது.

இப்படி ஒரு பொருளைக் கடையில் விற்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

உங்களுக்கு நாங்கள் முன்பு வேலை செய்த தோட்டங்களைப் பற்றி நான் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். எனக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளை இல்லாமல் இருந்த நாட்கள். ராவாங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். மேடும் பள்ளமுமான செம்மண் காடு. அதை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். எங்களில் கொஞ்சம் பேருக்குப் பத்தாங் பெர்ஜுந்தாயைத் தாண்டி ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. ஒரே லோரியில் அலமாரி, கோழிக்கூண்டு, சாமிப்படம், அம்மிக்கல், நாங்கள். எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோரும் அதே லோரியில்தான் வந்தார். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். இரத்த உறவு இல்லை. வரிசை வீடுகளான லயத்தில் உறவு என்பது பக்கத்து வீட்டில் இருப்பதுதான்.

அங்கே இறங்கியதும் எங்களுக்கு முதலில் பிடிக்காமல் போனது மண். கருப்பாக இருந்தது. அழுகிய வேரும் இலையுமாக, மிதித்தால் மெத்தை மாதிரி உள்ளே வாங்கியது. கரிமண் என்றோம். காய்ந்தால் நெருப்புப் பிடிக்கும், நனைந்தால் ஊறும், எப்படி இருந்தாலும் இறங்கிக்கொண்டே இருக்கும். லயத்து வீடுகளைப் பக்காவ் மரக்கம்பங்களை ஆழமாக அடித்து அவற்றின் மேல் கட்டியிருந்தார்கள். வீடு அப்படியே நிற்கும். சுற்றியிருக்கும் மண் மட்டும் வருஷா வருஷம் கீழே போகும். அதனால் வாசற்படிக்கும் நிலைக்கும் நடுவில் இடைவெளி பெருகிக்கொண்டே வரும். எங்களுக்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் படிக்குக் கீழே படியாகச் சேர்த்துக்கொண்டே வந்திருந்தார்கள். கடைசிப் படியில் கால் வைத்தால் அதுவும் ஆடும். என் பக்கத்து வீட்டு ராணியக்கா கொஞ்சம் கனமான உடம்புக்காரி. "இந்த வீட்டுக்குள்ள போறதுக்கே ஒரு நாளு ஏணி கேக்கும் புள்ள. அன்னிக்கு நான் வெளியவே படுத்துக்குவேன்" என்பாள்.

எங்களுக்குக் கிடைத்தது நாற்றுப்பண்ணை வேலை. நர்சரி என்றுதான் சொல்வோம். கருப்புப் பிளாஸ்டிக் பைகளில் செம்பனைக் கன்றுகள், கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும். களை பிடுங்குவது, உரம் வைப்பது எல்லாம் பெண்கள். என் வீட்டுக்காரர் பம்பு பார்த்தார். (அவர் பெயரைச் சொல்லாமல் இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன், இங்கேயும் சொல்லவில்லை.) பெரிய கால்வாயிலிருந்து தண்ணீரை இழுத்து மண்ணுக்கடியில் போகும் குழாய் வழியாக நர்சரிக்கு அனுப்புவது அந்தப் பம்பு. பம்பு வீடு சிமெண்டுக் கட்டடம். அதுவும் மரக்கம்பங்களின் மேல்தான் நின்றது.

இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். எங்களுக்குத்தான் வெகு நாள் புரியவில்லை. பம்பு வீட்டுச் சுவரிலிருந்து வெளியே வரும் குழாய் அசையாது. மண்ணுக்குள் இருக்கும் குழாய் மண்ணோடு சேர்ந்து இறங்கும். சுவரை ஒட்டின இடத்தில் படீரென்று முறியும். தோண்டிப் பார்த்தால் ஒரு முனை மேலே, ஒரு முனை கீழே, சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி முகம் திருப்பிக்கொண்டு இருக்கும்.

மண்டோர் மாமா அதற்கு ஒரே வைத்தியம்தான் வைத்திருந்தார். கீழே போன குழாயைத் தூக்கு, நேராக்கு, பசை போடு, மூடு. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் வாழ்க்கை முழுக்க நேர்கோடுதான். இளவயதிலிருந்து கன்று நடக் கயிறு பிடித்தவர். அவர் பிடித்த வரிசையின் ஒரு முனையில் நின்று பார்த்தால் முதல் மரம் மற்றதையெல்லாம் மறைத்துக்கொள்ளும், அவ்வளவு சுத்தம். கல்யாண வீட்டில் பந்தி இலை போட்டால்கூடக் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். இலை கோணலாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

அந்த வருஷம் மழை வரவில்லை. முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு எங்கேயோ கரிமண் எரிய ஆரம்பித்துப் புகை வந்து உட்கார்ந்தது. சூரியன் மஞ்சள் கரு மாதிரி தொங்கியது. துவைத்துக் காயப்போட்ட துணியில் எல்லாம் கருகிய வாசம். கால்வாய்த் தண்ணீர் கீழே கீழே போனது. கன்றுகளின் கீழ் மட்டைகள் நுனியிலிருந்து காய்ந்தன. கையில் பிடித்தால் காகிதம் மாதிரி சத்தம் வரும்.

மேனேஜர் ஒரு காலையில் நர்சரிக்கு வந்தார். மலாய்க்காரர், நல்ல மனிதர், ஆனாலும் நாங்கள் துரை என்றுதான் சொல்வோம். மண்டோர் மாமாவிடம் மலாயில் சொன்னார். மாமா எங்களிடம் தமிழில் சொன்னார்.

"இந்தக் கன்னுங்க செத்துச்சுன்னா இனிமே வெளியிலேருந்து கன்னு வாங்கிக் கொந்துராக்குல கூலி ஆளுங்கள வச்சு நட்டுக்குவாங்களாம். நர்சரிய மூடிடுவாங்க. நர்சரி ஆளுங்க வீட்டக் காலி பண்ணணும்."

ராணியக்காதான் கேட்டாள்: "மறுபடியும் லோரியா மாமா?"

அவள் கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் கையிலிருந்த களைக்கட்டைக் கீழே போடாமலே நின்றுகொண்டிருந்தேன். ஒரு தோட்டத்தை விட்டு வரும்போது என்னென்ன விட்டுவிட்டு வர வேண்டும் என்பது அப்போதுதான் எங்களுக்குப் பழகியிருந்தது. இன்னொரு தரம் அதைச் செய்ய உடம்பில் தெம்பு இல்லை.

அந்த வாரமே குழாய் முறிந்தது.

தூக்கினோம், நேராக்கினோம், பசை போட்டோம். மறுநாள் பம்பை ஓட்டியபோது ஒழுகியது. மறுபடி வெட்டி, மறுபடி பசை. அதுவும் நிற்கவில்லை. அந்தப் பசை வாடை என் கைகளிலேயே குடியிருந்தது. சோறு பிசைந்தால் சோற்றில் வரும். பெண்கள் எல்லாரும் வாளியைத் தூக்கிக்கொண்டு கால்வாயில் இறங்கித் தண்ணீர் மொண்டோம். சேற்றில் முழங்கால் வரை புதையும். ஒரு வரிசைக்கு ஊற்றி முடித்துத் திரும்பிப் பார்த்தால், முதலில் ஊற்றிய பை உலர்ந்திருக்கும். ஆளுக்கு ஒரு குவளை ஊற்றிக் கடலை நிரப்புகிற மாதிரி இருந்தது. மாலையில் வீட்டுக்குப் போகும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டோம்.

என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பத்தாங் பெர்ஜுந்தாய் போனார். அங்கே ஒரு பாய் ஹார்ட்வேர் கடை வைத்திருந்தார். தேவையான அளவில் குழாய் இல்லை. வறட்சியில் எல்லாத் தோட்டத்துக்காரர்களும் வாங்கிப் போய்விட்டார்கள். பாய் கடைக்குப் பின்பக்கம் போய், வரிவரியான வளையும் குழாய்த் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். வயல் பம்பில் தண்ணீர் உறிஞ்சப் போடுவது. தஞ்சோங் காராங் பக்கத்து நெல் விவசாயி ஒருவர் பழுது பார்க்கக் கொடுத்த பம்போடு வந்தது.

"தம்பி, இது அவரோடது. வயலுக்குத் தண்ணி எறக்கச்சே வந்து கேப்பாரு. அதுக்குள்ள திருப்பிக் குடுத்துரு லா."

அதை இரண்டு முனைகளிலும் நுழைத்துக் கம்பி கட்டினார்கள். மேல் முனையிலிருந்து கீழ் முனைக்கு அது யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்து இறங்கியது. வேறு வழி இல்லாமல் மாட்டியதுதான், யாருக்கும் நம்பிக்கை இல்லை. பம்பு ஓடியது. குழாய் ஒருமுறை உதறிக்கொண்டது. நர்சரியில் தெளிப்பான்கள் இருமி, காற்றைத் துப்பி, பிறகு தண்ணீரை வீசின. ராணியக்கா சட்டையோடு போய் ஒரு தெளிப்பானுக்குக் கீழே நின்றாள்.

குழாய் தாக்குப்பிடித்தது. நாளுக்கு நாள் மண் இறங்கிக்கொண்டுதான் இருந்தது, அது வளைந்து கொடுத்தது. என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது சொன்னார்: "மண்ணு எறங்குது, கட்டடம் எறங்கல. நடுவுல ஒண்ணு ஆடணும். நாம எல்லாத்தையும் கட்டிப்போட்டோம்."

மண்டோர் மாமாவுக்கு மட்டும் மனது ஒப்பவில்லை. தினமும் ஒரு தரம் பள்ளத்தருகே வந்து நின்று பார்ப்பார். "ஆடுற பைப்ப நான் எந்த எஸ்டேட்லயும் பாத்ததில்ல" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் கோலாலம்பூரிலிருந்து பெரிய துரை வருகிறார் என்று சேதி வந்தது. தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், பெரிய துரை வருகிறார் என்றால் என்ன நடக்கும் என்று. ரோட்டோரத்துக் கற்களுக்கெல்லாம் சுண்ணாம்பு. தென்னை மரங்களுக்கு இடுப்பு வரை சுண்ணாம்பு. ஒதுங்கி நிற்கத் தெரியாத நாய்க்கும் கொஞ்சம் சுண்ணாம்பு ஒட்டும். எல்லாம் வரிசையாக, சுத்தமாக இருக்க வேண்டும். நர்சரியை மூடலாமா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் வருகிறார் என்று பேச்சு இருந்தது.

"அவரு வந்து இந்தக் கோணப் பைப்ப பாத்தா நம்மள என்னா நெனப்பாரு?" என்றார் மாமா. "வேல தெரியாத ஆளுங்கன்னுதான நெனப்பாரு. மொதல்ல மூடுறது நர்சரியத்தான்."

என் வீட்டுக்காரர், "ஓடுது மாமா, விட்டுருங்க" என்றார். ஆனால் மாமாவின் பேச்சில் நியாயம் இல்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பயந்தவர்களுக்கு நேராக இருப்பதெல்லாம் பாதுகாப்பாகத்தான் தெரியும். நெல் விவசாயியும் தன் குழாயைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். அதுவும் சேர்ந்துகொண்டது.

வளைகுழாயைக் கழற்றிப் பாயிடம் திருப்பிக் கொடுத்தோம். அதற்குள் கடைக்கு வந்திருந்த புதுக் குழாயை வாங்கிவந்து மாமா கயிறு பிடித்து நேராகப் பொருத்தினார். அதோடு நிற்கவில்லை. எங்கள் பழைய செம்மண் தோட்டத்தில் குழாய் புதைத்தால் சரளைக்கல்லைப் போட்டு மரக்கட்டையால் இடித்து இறுக்குவோம். கால் வைத்தால் பள்ளம் தெரியக் கூடாது, அதுதான் வேலை. மாமா ரோடு போடுமிடத்திலிருந்து ஒரு லோரி சிவப்புச் சரளை வரவழைத்தார். எல்லாரும் சேர்ந்து இடித்தோம். நானும்தான். கருப்பு மண்ணின் நடுவில் சிவப்புக் கோடு, அளந்து கிழித்த மாதிரி. மாமா ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார்.

மெத்தையின் மேல் இரும்புப் பெட்டியை வைத்திருக்கிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெரிய துரை வந்தார், காரிலிருந்து இறங்காமலே நர்சரியைப் பார்த்தார், போனார். பம்பு வீட்டுப் பக்கமே அவர் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. தெளிப்பான்களில் வேகம் குறைந்தது. தூரத்து வரிசைகளுக்குத் தண்ணீர் எட்டவில்லை. என் வீட்டுக்காரர் பம்பைப் பிரித்துப் பார்த்தார், வடிகட்டியைக் கழுவினார். மாமா குழாய்த் தடத்தின் மேல் நடந்து பார்த்தார். எங்கும் ஈரம் இல்லை. "ஈரமே காணோம். பைப் நல்லாத்தான் இருக்கு. கால்வாயிலதான் தண்ணி பத்தல" என்றார். நாங்களும் நம்பினோம். நாங்கள் மேட்டுநிலத்து ஆட்கள். அங்கே குழாய் உடைந்தால் ஊற்று மாதிரி மேலே பொங்கும். பிள்ளைகள் குதித்து விளையாடும். இந்தக் கரிமண்ணோ காய்ந்து கிடந்தது. பம்பு அனுப்பிய தண்ணீரை எல்லாம் சத்தமில்லாமல் கீழேயே குடித்துக்கொண்டது. மேலே தூசி பறந்தது. நாங்கள் ஈரத்தைத் தேடித் தேடி நடந்துகொண்டிருந்தபோது தூரத்துப் பாதி நர்சரி செத்துப்போனது.

கடைசியில் ராணியக்காதான் கத்தினாள். சிவப்புக் கோட்டின் மேல் நடந்தவள் ஒரு காலை உள்ளே விட்டுவிட்டாள். தொடை வரை போய்விட்டது. இழுத்துப் போட்டுவிட்டுத் தோண்டினோம். சரளை மொத்தமும் குழாயை அமுக்கிக்கொண்டு கீழே போயிருந்தது. சுவரோரம் முனை தனியே வாயைத் திறந்துகொண்டிருந்தது.

மாமா பள்ளத்தின் கரையில் உட்கார்ந்துவிட்டார். தலைத்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். யாராவது திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பாயிடம் ஓடியதில் பலன் இல்லை. வளைகுழாய் வயலில் ஓடிக்கொண்டிருந்தது. செத்த பாதியைப் பார்த்துவிட்டு, மீதிப் பாதியையும் பார்த்துக்கொண்டு எல்லாரும் நின்றோம். கால்வாயில் தண்ணீர் நிறைந்திருந்த காலத்தில் பிள்ளைகள் மிதந்து விளையாடிய லோரி டயர் டியூப் ஒன்று ராணியக்கா வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. அவளே போய் எடுத்துவந்தாள். அவள் மகன் அழுதுகொண்டே பின்னால் வந்தான்.

"அழுவாதடா. வீடு போச்சுன்னா இத எந்த ஆணியில மாட்டுவ?" என்றாள்.

டியூப்பைக் குறுக்கே வெட்டினால் சட்டைக் கை மாதிரி ஒரு துண்டு கிடைக்கும். அதை இரண்டு முனைகளிலும் மாட்டி, மடிப்பு வைத்து, சைக்கிள் டியூப்பை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்ற வேண்டும். கீழ் முனையில் ஆண்கள் சுற்றிவிட்டார்கள். மேல் முனை சுவரோடு ஒட்டி இருந்தது. அந்தச் சந்துக்குள் ஆண்களின் கை போகவில்லை. ஒவ்வொருவரும் முயன்று கையைச் சிராய்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். எனக்குக் கை மெல்லிசு. அம்மா காலத்தில் இருந்து அதற்குத் திட்டுதான் வாங்கியிருக்கிறேன்.

அத்தனை ஆம்பிளைகள் முன்னால் மண்ணில் குப்புறப் படுக்க வேண்டும். வெட்கத்தில் எனக்குக் காது எரிந்தது. படுத்தேன். தலை பள்ளத்துக்குள், கால் வெளியே. சறுக்கி விழாமல் இருக்க ராணியக்கா என் கால்களின் மேல் உட்கார்ந்துகொண்டாள். "மூச்சு இருக்கா புள்ள?" என்று நடு நடுவே கேட்டாள். மாமா இறங்கி வந்து, பள்ளத்தில் ஊறிய தண்ணீரைப் பால் டின்னால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். முகம் தெரியவில்லை, கை மட்டும் தெரிந்தது. நான் கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் விரலால் தடவித் தடவிச் சுற்றினேன். ரப்பர் வாடை, பசை வாடை, கரிமண் வாடை. நாக்கு ஒட்டிக்கொண்டது. குலதெய்வத்தைக்கூடக் கூப்பிடவில்லை. பிடி, பிடி என்று ரப்பரிடம்தான் கெஞ்சினேன்.

பம்பைப் பாதி வேகத்தில் விட்டார்கள். டியூப் தவளைத் தொண்டை மாதிரி புடைத்தது, அமுங்கியது, புடைத்தது. எல்லாரும் அதன் மேலேயே கண் வைத்திருந்தோம். வெடிக்கவில்லை. அந்தப் பள்ளத்தை யாரும் மூடவில்லை. மேலே ஒரு பலகையைச் சும்மா போட்டு வைத்தோம்.

பிறகு மழை வந்தது. ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. மேனேஜர் பிழைத்த கன்றுகளின் நடுவில் நடந்துபார்த்து, ஒரு பாகத்தில் நட இது போதும் என்றார். அதை நடும்வரை வீட்டில் இருக்கலாம் என்றார். நர்சரியைக் காப்பாற்றிவிட்டோம் என்று அன்றைக்கு நினைத்தோம். நாங்கள் காப்பாற்றியது கொஞ்ச நாளைத்தான். கன்றுகள் நடவுக்குப் போனதும் நர்சரியை மூடினார்கள். அந்தக் கொஞ்ச நாளில்தான் என் மகள் பிறந்தாள். அந்தக் கடைசி நடவுக்கு மாமா கயிறு பிடித்தார். அதற்குப் பிறகு அவர் சபாக்கில் மகன் வீட்டுக்குப் போனார், அங்கேயே தவறிவிட்டார். ராணியக்கா சொன்ன ஏணி தேவைப்படுவதற்கு முன்பே லயத்தை இடித்துவிட்டார்கள். அவள் இப்போது எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. விசாரித்துப் பார்த்தேன், ஒவ்வொருவர் ஒவ்வொரு ஊரைச் சொல்கிறார்கள்.

ரோட்டில் அந்த ரப்பர் வளையத்தைப் பார்த்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகளிடம் சொல்லி, என் வீட்டுக்காரரையும் ஏற்றிக்கொண்டு அந்தச் செம்பனைத் தோட்டத்துக்குக் காரில் போனோம். நாங்கள் தண்ணீர் ஊற்றிய மரங்கள் இல்லை. வயதாகிவிட்டதாம், சாய்த்துவிட்டார்கள். புதுக் கன்றுகள் நின்றன. லயம் இருந்த இடமும் தெரியவில்லை.

பம்பு வீடு மட்டும் இருந்தது. கூரை இல்லை. மண் அதை விட்டுக் கீழே போயிருந்தது. மரக்கம்பங்கள் வெளியே தெரிய, கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் ஆள் மாதிரி நின்றது. நான் குப்புறப் படுத்துத் தலையைத் தொங்கவிட்டுக் கையை விட்ட அந்தக் குழாய் முனை இப்போது என் இடுப்புக்கு நேராக, காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் ரப்பர் எதுவும் இல்லை. கையை வைத்துப் பார்த்தேன். எந்தச் சந்தும் இல்லை, எல்லாப் பக்கமும் வெளி. கீழே அது சேர வேண்டிய குழாயையும் காணவில்லை.

என் வீட்டுக்காரர் முழங்கால் வலியோடு மெல்ல வந்து பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மாமா பார்ப்பது மாதிரி குனிந்து ஒரு கண்ணை மூடி, முனையின் வழியாகத் தூரத்தைப் பார்த்தார்.

"நேராத்தான் இருக்கு" என்றார்.